சாவு விழுந்த கூடம்

சீரியல் ஷூட்டிங் பார்க்க வந்த எங்கள் ஊடகவியல் வகுப்பு, எர்ணாவூரில் ஒரு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தெருவில் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஓயும்வரை காத்திருந்து ஷாட் எடுக்கிறார்கள். கூடத்தில் பிணமாகக் கிடந்த நடிகர், ஷாட் முடிந்ததும் மாலையோடு எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். செத்ததாக நடித்தால் தோஷம் கழிய இப்படிச் சிரிக்க வேண்டுமாம்.

விளக்கை அணைக்கப் போகிறார்கள். வீட்டுக்கார அக்கா குறுக்கே வந்து நிற்கிறார்.

"அவரு சிரிச்சிட்டாரு, பூடுவாரு. சாவு வுழுந்தது என் வூட்லதானே? அடுத்த மாசம் இங்கதான் என் பொண்ணுக்கு நலங்கு வெக்கணும். இன்னாண்ணா பண்றது?"

கேமராமேன் யோசிக்கவே இல்லை. கேமராவை அக்கா பக்கம் திருப்புகிறார். "நீங்களும் சிரிங்கக்கா."

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். சிரித்தபடியே கேட்கிறார்: "வூடு ஃபுல்லா தெரிதாண்ணா?"

கேமராமேன் கேமராவோடு பின்வாங்கி வாசல்வரை வருகிறார். நாங்கள் தெருவில் இறங்கி அவருக்கு இடம் விடுகிறோம்.