வாய் நிறையக் குண்டூசி

கல்யாண கவுன் தைக்கக் கேட்டு வந்த இரண்டு பெண்களைத் தையற்கடை குண்டூசி அக்கா ஜெபம் பண்ணியே விரட்டிவிட்டாராம். சபைக்குப் போகையில் காரில் எனக்கும் இடம் கொடுக்கும் பக்கத்து வீட்டு அண்ணி சொன்னது. அவருக்கு வேறு யாரோ சொன்னது. "ரெண்டும் பொண்ணுங்க. ஒண்ணை ஒண்ணு கட்டிக்கப் போகுதுங்களாம். அக்கா விடுவாங்களா?"

பிழைக்க வந்த நாட்டில் தபால்காரர் மணி அடித்தாலே விசாவை எடுத்துத் தேதி பார்க்கும் ஆள் நான். இங்கே அப்படித் திருப்பி அனுப்புவது சட்டப்படி குற்றம்; வழக்கு, அபராதம், கடைக்குப் பூட்டு என்று மனம் ஓடியது. சரியாகவே இருந்த ஒரு பேன்ட்டைச் சுருக்க வேண்டும் என்ற சாக்கோடு மறுநாளே போய்விட்டேன்.

அக்கா வெட்டுமேசைமேல் குனிந்திருந்தார். உதடுகளுக்கிடையே குண்டூசிகள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பிடிக்காத கேள்வி வந்தால், மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுத் திண்டிலிருந்து ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். வாடகை ஏற்ற வந்த கட்டடச் சொந்தக்காரர் நெடுநேரம் "ம்ம்" மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அந்த "ம்ம்"களுக்கு உரை சொல்லவே இஸ்திரி மேசையில் கணவர் இருக்கிறார். "ஒரு ம்ம்னா முடியாது. ரெண்டு ம்ம்னா முடியவே முடியாது."

இன்னொரு பழக்கமும் உண்டு. கல்யாணத் துணியை அக்கா சும்மா வெட்டமாட்டார். துணிமேல் கை வைத்து, கண்ணை மூடி, பெண் மாப்பிள்ளை பெயர் சொல்லி, அடுத்த சலூன் வரை கேட்கும்படி ஜெபிப்பார். வாடிக்கையாளர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் ஜெபம் தமிழில்தான். அவர்களும் புரியாமலே தலை குனிந்து நிற்பார்கள். ஒருமுறை அவசரத்தில் ஜெபிக்காமல் வெட்டிய கவுனுக்கு இரண்டு கையும் இடது கையாகவே அமைந்துவிட்டது. அன்றுமுதல் கத்தரிக்கோலும் ஞானஸ்நானம் வாங்கிவிட்டது என்பது கணவரின் கட்சி.

பேன்ட்டை நீட்டிவிட்டு, மெல்ல விசாரித்தேன். அக்கா ஊசிகளைத் துப்பினார்.

"ஏன் விரட்டணும்? உள்ளதைச் சொன்னேன். நான் வேதம் படிச்சவரைக்கும் இதுல எனக்குச் சம்மதமில்லைம்மா, வேற கடை பாருங்கன்னேன். சின்னதுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சரி, அளவு எடுக்கிறது பாவமில்லைன்னு எடுத்தேன்."

"அடுத்த நாள் துணி வாங்குறது பாவமில்லைன்னு ஆச்சு," என்றார் கணவர், தலை தூக்காமல். "நேத்து காகிதத்துல வரையிறது பாவமில்லை. இப்படியே போனா கல்யாணத்துல பாட்டுப் பாடிட்டுத்தான் வீடு திரும்புவா."

"நீங்க சும்மா இருங்க."

துணி துணிதானே என்று தைப்பதற்கு ஒருவழியாக அக்காவின் மனம் இறங்கிவிட்டது. தைத்துத் தருகிறேன், ஜெபம் மட்டும் கிடையாது என்றிருக்கிறார். சிக்கல் அங்கேதான். இருவரில் உயரமான பெண்ணின் மூத்த சகோதரிக்கும் இதே கடையில்தான் கவுன் தைத்தது. 'அவளுக்கு ஜெபம் பண்ணினீங்களே, அதுக்காகத்தான் வந்தோம். கவுன் எங்கேயும் கிடைக்கும்' என்றாளாம்.

"பாஷைகூடப் புரியாது அதுக்கு." அக்காவின் குரல் இறங்கியது. "அவங்க கல்யாணத்தை ஆசீர்வதியும்னு என் வாயில வராது. ஜெபத்துல பொய் சொல்ல முடியுமா? அதுக்காக, போன்னு தள்ளவும் மனசு வரலை. வேற என்னன்னு கர்த்தர்கிட்ட கேட்கிறது?"

விஷயம் போதகர் காதுக்கும் எட்டிவிட்டது. சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துபவர் அக்கா. அந்த கவுனைத் தைத்தால் குழுவை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று போதகர் சொல்லியிருக்கிறார். முடிவு கேட்க இன்று மதியம் அழைப்பாராம்.

"போதகர் ஐயா கத்தவே மாட்டாரு," என்றார் அக்கா. "அதான் பயமா இருக்கு."

என் பேன்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெள்ளைத் துணியை மேசையில் விரித்தார். நீவினார். கை வைத்துக் கண்ணை மூடினார். சலூன் வரை போகும் குரல் எனக்கே எட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நடுவே அந்நியப் பெயர்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, அக்காவின் தமிழ் நாக்கில் தட்டுத்தடுமாறி வந்தன.

கைபேசி அடித்தது.

"ஐயாதான்," என்றார் கணவர்.

அக்கா கண்ணைத் திறந்தார். பஞ்சுத் திண்டிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, வாய் நிறையும்வரை வைத்துக்கொண்டார்.

"எடுத்து நான் என்னத்தைச் சொல்ல?"

"ம்ம்."

அதற்கு மட்டும் கணவர் உரை சொல்லவில்லை. கைபேசி அடித்துக்கொண்டே இருக்க, அக்கா வாயிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, கவுனுக்கு வரைந்த காகிதத்தைத் துணியோடு சேர்த்துக் குத்தினார்.