லிட்டருக்குப் பதினொன்று

ஞானதாஸ் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் வண்டியில் சாவியைப் போடுவார். பார்க்கிறவர்கள் அதை முதலாளி வண்டிக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! வெறுங்காலால் மிதித்தால்தான் ஆக்சிலேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியும், டீசல் வீணாகாது. "செருப்பு போட்டுக்கினு மிதிச்சா செருப்புதான் வண்டி ஓட்டுது. நான் ஓட்ட வாணாமா?" என்பார்.

வயது ஐம்பத்து நாலு. காவாந்தண்டலத்தில் முத்துவேல் வீட்டுக்கு டிரைவராக வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவருடைய அப்பா அந்த வீட்டு வயலில் கூலிக்கு அறுத்தவர். மனைவி பிரிஸ்கில்லா இன்றைக்கும் அங்கேதான் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறார். பெரியவர் முத்துவேல் படுக்கையில் விழுந்த பிறகு எல்லாம் மகன் மோகன் கையில். முப்பது வயதுகூட ஆகாத மோகன் ஞானதாஸைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஞானதாஸ் அவனைச் "சின்னவரே" என்பார். ஊரில் யாருக்கும் இதில் ஆச்சரியம் கிடையாது.

பொங்கல் முடிந்த கையோடு மோகன் ஜீப்பைச் சென்னைக்கு அனுப்பி நாலு அங்குலம் உயர்த்திக்கொண்டு வந்தான். இடுப்புயரத்துக்குக் காட்டு டயர்கள் வேறு. எந்தக் காட்டுக்குப் போகப்போகிறானோ, கர்த்தருக்கே வெளிச்சம். வாரம் முழுக்க அந்த வண்டி கூலிப் பெண்களை வயலுக்கு ஏற்றிப் போகிறது, உத்திரமேரூரில் உரம் ஏற்றுகிறது, காஞ்சிபுரத்துக்குப் போய்த் திரும்புகிறது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஞானதாஸ் படாத பாடு படுகிறார். காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன்பே நாலு டயரிலும் காற்று அளந்துவிடுவார். மேலே இருந்த கேரியரைக் கழற்றினார். பின்னால் கிடந்த சங்கிலி, கடப்பாரை, பழைய பேட்டரி எல்லாவற்றையும் பாரம் குறையட்டும் என்று இறக்கினார். ஐம்பதுக்கு மேல் போகமாட்டார். "ஒசரமாயிட்சி இல்ல, அறுவதுல போனா காத்து மார்ல கைய வெச்சி தள்ளுது. அஞ்சாவது கியர்ல இழுக்கவும் மாட்டேங்குது, திணறுது. நாலுலயே வுட்டாத்தான் கேக்குது." வேகத்தடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் கால் மேலே வந்திருக்கும்.

இறக்காமல் விட்டது ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான். உயர்த்திய வண்டியில் பெண்களால் ஏற முடியவில்லை. அவர்களில் மூத்தவரான அம்முலுவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. காலைத் தூக்கவே உயிர் போகும். ஞானதாஸ் இறங்கி வந்து ஸ்டூலைப் போட்டு, அது ஆடாமல் காலால் அழுத்திக்கொள்வார்.

"இன்னாய்யா ஞானதாசு, களை புடுங்கக் கூட்டிம்போறியா, மலையேறக் கூட்டிம்போறியா?" என்று அம்முலு ஸ்டூல் மேல் நின்றபடி கேட்பார்.

"ஏறுக்கா, ஏறு. எறக்கி வுடவும் நான்தான் வரணும்."

இத்தனை செய்தும் எண் தேறவில்லை. சனிக்கிழமைதோறும் டேங்கை நிரப்பி, மீட்டரைப் பார்த்து, லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்று மோகனிடம் சொல்ல வேண்டும். முன்பு பன்னிரண்டு வந்தது. டயர் மாற்றியபின் ஒன்பதரை. உயர்த்திக் கொடுத்த கடைக்காரன் ஒரு கிலோமீட்டர்தான் குறையும் என்று சொல்லியிருந்தான். அப்படியானால் மிச்சம் எங்கே போயிற்று?

ஞானதாஸ் அதைக் கண்டுபிடித்தார். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில் மைல்கற்களை எண்ணிக்கொண்டே போனார். கல் இருபத்தேழு கிலோமீட்டர் என்றது, மீட்டர் இருபத்து நாலு என்றது. பெரிய டயர் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் உருள்கிறது. மீட்டருக்குத் தூரம் தெரியாது, சுற்றுதான் தெரியும். ஓடின ஓட்டத்தில் மூன்று கிலோமீட்டரை அது விழுங்கிவிடுகிறது. மோகனிடம் போய் இதைச் சொன்னார். மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்.

"கல்லு நட்டவன் யோக்கியன், வண்டி செஞ்ச கம்பெனிக்காரன் திருடனா?" என்றான் மோகன். "மீட்டர் பொய் சொல்லாது ஞானதாஸ். மனுசன்தான் சொல்லுவான்."

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று ஞானதாஸுக்குத் தெரியும். அந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிய ஏசுதாஸை டீசல் எடுத்தான் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எடுத்தானோ இல்லையோ, சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் பிறகு அவனிடம் சாவி கொடுக்கவில்லை. இப்போது செங்கல் சூளையில் மண் மிதிக்கிறான். அவன் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

ஞானதாஸ் யோசித்து ஒரு வேலை செய்தார். யாரும் செய்யாத வேலை. வந்தவாசி சாலை பங்க்கில் தன் சொந்தக் காசில் நாலு லிட்டர் டீசல் வாங்கினார். சனிக்கிழமை காலை, பெண்களை வயலில் இறக்கிவிட்டு, ஏரிக்கரை மதகு ஓரம் வண்டியை நிறுத்தி, சமையல் எண்ணெய் கேனிலிருந்து டேங்கில் ஊற்றினார். அப்புறம் போய் முதலாளி காசில் நிரப்பினார். டேங்க் நாலு லிட்டர் குறைவாகப் பிடித்தது, எண் பதினொன்று வந்தது. அன்று முதல் வாரா வாரம் இதேதான். வாரத்தில் ஒரு நாள் சம்பளம் அந்த டேங்குக்குள் போனது. காலை நாஷ்டாவை விட்டார், பீடியை விட்டார்.

மோகன் என்ன செய்தான் தெரியுமா? ரைஸ் மில்லில் நாலு பேர் இருக்கும்போது சொல்லிச் சிரித்தான்: "ஒரு அதட்டு அதட்டினேன், பதினொண்ணு வந்துடுச்சி பாரு. இத்தன நாளா எங்க போச்சாம்?" அடப்பாவி! ஊற்றின டீசலே திருடினதற்குச் சாட்சியாகிவிட்டது.

பிரிஸ்கில்லாவே ஒரு நாள் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "எடுக்கறியா?" என்று கேட்டார். ஞானதாஸ் அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் உண்மையைச் சொன்னபோது அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியம் புட்சிகீதா உனுக்கு? பசங்க வயித்துல ஊத்தறத கொண்டும்போய் அவன் வண்டில ஊத்தறியே!"

"டீசல் போனா பங்க்குல வாங்கிக்கலாம் பிரிஸ்கி. பேரு போனா எங்க போய் வாங்கறது?"

ஐந்து மாதம் ஓடியது. போன சனிக்கிழமை பால் வண்டிக் கார்த்திக் மதகுப் பக்கம் வந்தவன் மொபைலில் ஒரு படம் எடுத்து மோகனுக்கு அனுப்பிவிட்டான். படத்தில் ஞானதாஸ் இருந்தார், கேன் இருந்தது, திறந்த டேங்க் இருந்தது. டீசல் எந்தப் பக்கம் போகிறது என்று படத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

"எடுக்கல சின்னவரே, ஊத்திக்கினு இருந்தேன். கர்த்தர் மேல ஆணையா என் காசு."

மில்லில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மோகன்தான் அதிகம் சிரித்தான். "சம்பளம் வாங்கி என் வண்டிக்கே ஊத்தறியா? கத சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லுய்யா." வேலையை விட்டு அனுப்பவில்லை. இந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கமாட்டான். காஞ்சிபுரத்திலிருந்து டேங்குக்கு ஒரு பூட்டு வாங்கி வரச் சொன்னான். சாவி இனி அவனிடம். பங்க்குக்கும் அவனே கூட வருவான்.

பிரிஸ்கில்லாவுக்கு இதில் ஒரு ஆறுதல் இருந்தது. "நல்லதாப் போச்சி. பூட்டு தொங்கினா நீ எடுக்கலன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும்."

"இன்னா தெரியும்? இனிமே நான் ஊத்த முடியாது. வர்ற சனிக்கெழம ஒம்பதரதான் வரும்." ஞானதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தொறந்து கெடந்தப்போ பதினொண்ணு, பூட்டினப்புறம் ஒம்பதர. இன்னா சொல்லுவாங்க? பூட்டு போட்டும் எடுக்கறான், பலே கில்லாடின்னுதான் சொல்லுவாங்க."

திங்கட்கிழமை காலை மில் வாசலில் வைத்து, பூட்டை ஞானதாஸ்தான் பொருத்தினார். மெக்கானிக் வரவில்லை. மோகன் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். ஞானதாஸ் மண்டியிட்டுத் திருகுகளை முடுக்கி, இரண்டு தடவை பலமாக இழுத்துப் பார்த்து, மேலே பட்டிருந்த கிரீஸைத் துண்டால் துடைத்துவிட்டு, சாவியை இரண்டு கையாலும் நீட்டினார். மோகன் பேச்சை நிறுத்தாமலே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பெண்கள் காலனி முனையில் காத்திருப்பார்கள். ஞானதாஸ் ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். சாவியைத் திருகவில்லை. வெறுங்காலோடு இறங்கிப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து, ஸ்டூலை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு கிலோகூட இருக்காது. இருந்தாலும் பாரம் பாரம்தான். அதை மில் சுவர் ஓரம் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.