மலையடிவாரத்தில் தலையாட்டினேன்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு மலையேறும் சங்கத்தில் இருக்கிறாள். போன மார்கழியில் ஹனூர் பக்கத்து மலையொன்றுக்கு இரண்டு நாள் நடை. முதல் தடவையாக அவளை லீடராகப் போட்டிருந்தார்கள். இதை ஒழுங்காக நடத்திக் கொடுத்தால், அடுத்து இமயமலைப் பனியில் ஏறப்போகும் கூட்டத்துக்கும் அவள்தான் லீடர் என்று பேச்சு. என்னையும் கூப்பிட்டாள்.

"சாமுண்டி மலை ஆயிரம் படி ஏறியும் உங்களுக்கு மூச்சு வாங்கறதில்ல. எங்க ஆளுங்களுக்கே வாங்குது ஆன்ட்டி. வாங்க."

"எனக்கு ஷூ கூட இல்லையேம்மா."

"என்னோடது போட்டுக்குங்க. ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிடும்."

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு எண்ணாக வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். எனக்குப் பதினேழு, கடைசி எண். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேட்டபோதும் அப்படித்தான். என் முறை வந்ததும் குரல் வரவில்லை.

"விடுங்கப்பா, ஆன்ட்டி நம்பரை நானே சொல்லிடறேன்" என்று அவளே "பதினேழு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அவளே சொன்னாள்.

மறுநாள் காலை இறங்கும்போது மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஒரு சுனையருகே நின்றோம். குளிருக்கு எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. அவளைச் சுற்றி ஆண்கள் நின்றிருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் ஒரு பாறைக்குப் பின்னால் போனேன். உட்கார்ந்திருக்கும்போதே எண் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் அவள் குரல், "பதினேழு."

இருங்க என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். இருந்த கோலத்தில் எப்படிக் கத்துவது? யாராவது எட்டிப் பார்த்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன். எழுந்து வந்தபோது ஒருவரும் இல்லை. பின்னாலேயே போய்ப் பிடித்துவிடலாமென்று நடந்து, வழி பிரிந்த இடத்தில் தப்பாகத் திரும்பி, மலைக்கு மறுபக்கம் அறுத்துப்போட்ட ராகிக் காட்டில் போய் இறங்கினேன்.

அங்கே டிராக்டரில் வந்த விவசாயி ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்கம்மா, சீலைக்குப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு எந்தப் பட்டாளத்துக்குங்க? ஏறுங்க, கெட்டியாப் புடிச்சுக்குங்க." மலையைச் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வேன் நின்ற இடத்தில் விட்டார்.

அதற்குள் இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார்கள். தேடப்போனதில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்களோடு நடந்த சங்கத்துப் பெரியவர் கிட்டே வந்தார். எங்கள் ஊர் மண்டி மொஹல்லாத் தெருவில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேம்மா. போறப்போ லீடர்கிட்ட சொல்லிட்டுப் போனீங்களா?"

பதினாறு முகங்களும் என்னையே பார்த்தன. இல்லை என்றால், எங்கே போனீர்கள், எதற்கு என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

அந்த வாரமே இமயமலைக் கூட்டத்துக்கு வேறொருவரை லீடராகப் போட்டார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல "காபி ஆச்சா ஆன்ட்டி?" என்றுதான் படியிறங்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் பெயிண்ட் கடைக்குப் போனேன். டப்பா வாங்க வந்த இரண்டு பேர் போகிறவரை ஓரமாக நின்றேன். பிறகு பாறையிலிருந்து தலையாட்டியது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பெரியவர் கோபப்படவில்லை.

"மறதி யாருக்கும் வரும்மா. தப்பை ஒத்துக்கிட்டாளேன்னு அடுத்த வருஷம் அவளுக்கே குடுக்கலாம்னு இருந்தேன். இப்போ பாத்தா, ஒத்துக்கிட்டதே பொய். மலையில என்கிட்ட பொய் சொல்ற லீடரை எப்படி நம்பறது?"

"எனக்காகத்தான் சொல்லிச்சுங்க."

"தெரியுதும்மா. நாளைக்கு இன்னொருத்தருக்காகவும் சொல்லுவா."

வீட்டுக்கு வந்ததும் மாடியேறினேன். நான் போவதற்குள் அவர் போன் பண்ணியிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னைக் கேக்காம தலையாட்டினீங்க. என்னைக் கேக்காமலே போய்ச் சொல்லிட்டும் வந்துட்டீங்க. அப்படித்தானே ஆன்ட்டி?"

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"பரவாயில்ல" என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

சங்கத்தை அவள் விடவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாகப் போய்வருகிறாள். சனிக்கிழமைகளில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்கும். அவள் கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்குகிறவரை நான் கதவைத் திறப்பதில்லை.