திங்கட்கிழமையே புறப்பட்ட பெட்டி

சிறிய ஊரிலிருந்து முதன்முறையாகச் சென்னைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சிலர், கையில் என்னென்ன எடுத்துப் போவது என்று கேட்டு எழுதுகிறார்கள். நான் போனது 1963 ஜூன் மாதம். அந்தப் பயணத்தைச் சொன்னாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

எங்கள் ஊர் சின்னாளப்பட்டிக்குப் பக்கம். தக்காளியும் தென்னையும் போட்டுப் பிழைத்த குடும்பம். மெட்ராஸில் ஓர் அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் உத்தரவையும் அசல் சான்றிதழ்களையும் காட்ட வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. அம்மாவுக்கு நான் போவதே பிடிக்கவில்லை. ஒரு வாரம் அழுதாள். ரயிலடிக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

ரயில் செவ்வாய் இரவு 7.10க்கு. செவ்வாயன்று வடக்கே சூலம், அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது; மெட்ராஸோ வடக்கே இருக்கிறது. இதற்குப் பரஸ்தானம் என்று ஒரு வழி உண்டு. நல்ல நாளிலேயே பெட்டியைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாக அர்த்தம். ஆனால் வைத்த பெட்டி வீட்டுக்குள் திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் அதோடு சரி. என்னை அனுப்ப மனமில்லாத அம்மாதான் இதையும் விடாப்பிடியாகச் செய்ய வைத்தாள்.

திங்களன்று அப்பா பெட்டியைத் திண்டுக்கல் பேகம்பூரில் காதர் பாய் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். பாய் எங்களிடம் தேங்காய் வாங்கும் கடைக்காரர். சூலம், பரஸ்தானம் என்றெல்லாம் அவரிடம் விளக்க அப்பாவுக்குக் கூச்சம். "இது இங்கன இருக்கட்டும் பாய்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சான்றிதழ்கள் முழுக்க அந்தப் பெட்டியில்தான். மடத்தனம் என்னுடையது.

செவ்வாயன்று ராகு காலத்துக்கு முன்னால், இரண்டரை மணிக்கே கிளம்பினோம். திண்டுக்கல்லுக்கு ஏழு மைல், பஸ்ஸுக்கு ஆளுக்கு முப்பது காசு. பேகம்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. பாயின் மனைவிதான் இருந்தார்.

"புள்ள இன்னைக்கு ஊருக்குப் போகுதாம்ல, பெட்டிய மறந்துட்டாகன்னு இவுக இப்பத்தேன் உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாக" என்றார்.

அவர் போன பஸ்ஸும் நாங்கள் வந்த பஸ்ஸும் எதிரும் புதிருமாகப் போயிருக்கின்றன. திரும்பிப் போனால் மறுபடியும் வழியில் தப்பிவிடும் என்று அந்த அம்மாள் சொன்னது நியாயமாகப் பட்டது. பாய் திரும்பி வந்தால் நேரே ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, எட்டணா கொடுத்துக் குதிரை வண்டி பிடித்தோம். அப்பா ஸ்டேஷன் வாசலிலேயே நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியை உள்ளே வாங்கி வைத்தால் போதும், அவள் நினைத்தது நடந்துவிடும். யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மூன்று மணி நேரமும் பெற்றவளைச் சந்தேகப்பட்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியோடு பாய் வந்தார். பின்னாலேயே அம்மா. நாலரைக்கு ராகு காலம் முடியும் முன்பே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, ஐந்தே முக்கால் பஸ் வரும்வரை வெயிலில் நின்றிருக்கிறார்கள். பாய் ஒன்றும் புரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி நகரும்வரை அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எழும்பூரில் இறங்கியது காலை 6.40. அலுவலகத்தில் நின்றது 9.45.

ஆகவே கேட்டவர்களுக்கு: சான்றிதழ்களைப் பெட்டியில் போடாதீர்கள், தோளில் மாட்டும் பையில் வையுங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். வழியனுப்ப வரமாட்டேன் என்பவர்களிடமும் ரயில் நேரத்தைச் சொல்லிவையுங்கள்.

பல வருஷம் கழித்து அம்மாவிடம் கேட்டேன், பெட்டி வாசலுக்கு வந்தபோது என்ன தோன்றியது என்று. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்:

"உள்ள வாங்கி வைக்கத்தேன் கை நீண்டுச்சு. பெறகு அந்தக் கையாலயே கதவச் சாத்திட்டு, பாயோட வந்துட்டேன்."