பூஜ்யத்தில் நிற்காத எண்

வாயு அளக்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளை 'லென்ஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பது, கோபம் மூக்கு நுனியில். கல்யாணம் என்று யாராவது வாயைத் திறந்தால் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரை நீட்டிவிடுவாள். அடுத்த மேசையில் சாலிடரிங் செய்யும் அவள் தங்கச்சி மட்டும் எதை வேண்டுமானாலும் பேசலாம். பேசவும் பேசுவாள், ஓயாமல்.

இப்பேர்ப்பட்டவளிடம் போய், நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவருகிறவர் நேற்று, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லலாம், இனிமேல் இந்தப் பக்கம் வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன், பதிலுக்கு நாளை வருகிறேன் என்றார். அக்கா ஸ்க்ரூ டிரைவரை நீட்டவில்லை. தங்கச்சி அதைக் கவனித்து, வீடு போய்ச் சேரும்வரை அதையே பேசித் தீர்த்தாள்.

இன்று அவர் வந்தபோது அக்கா கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றின் மூடியைக் கழற்றி வைத்து, நைட்ரஜன் விட்டு, எண்ணைப் பூஜ்யத்தில் நிறுத்திக்கொண்டிருந்தாள். நின்றிருந்த எண், அவர் மேசையருகே வந்ததும் மெல்ல ஏறியது.

"பதில்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"மெஷின் சரியில்ல. அப்புறம்."

"இதுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?"

அங்கேதான் விழுந்தாள் அக்கா. கருவியைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவளுக்கு உலகமே மறந்துவிடும்.

"இந்த முனையில விளக்கு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அனல் மாதிரி. இந்தத் தட்டு சுத்திச் சுத்தி அத வெட்டி வெட்டி அனுப்பும். தங்கம் பூசின இந்தக் குழாய்க்குள்ள கரியமில வாயு இருந்தா, தனக்குப் பிடிச்ச ஒரு ரக வெளிச்சத்த மட்டும் தின்னுடும். கடைசியில ஃபில்டர், அந்த ரகத்த மட்டும் உள்ள விடும். பின்னால சென்சார்."

"அப்ப தின்னது போக மிச்சத்த அளக்குறீங்க. ஆனா எதுக்கு வெட்டி அனுப்பணும்?"

"ஆமா, மிச்சம் குறையக் குறைய எண் ஏறும். சென்சார்ல வர்ற சிக்னல் துளியூண்டு. சுத்துப்பட்டு சூடு வேற அதோட கலந்துடும். தட்டோட தாளத்துக்கு விட்டு விட்டு வர்றத மட்டும் சர்க்யூட் எடுத்துப் பெருசாக்கும். மத்ததக் காதுலயே போட்டுக்காது."

"எங்க மேனேஜர் மாதிரி. அப்ப நைட்ரஜன்?"

"அது பரம சாது. எதையும் தின்னாது. அதான் அத வச்சுப் பூஜ்யம் வைக்கிறோம்."

"நான் கொண்டுவந்ததாச்சே!" என்று குனிந்து வாய்விட்டுச் சிரித்தார். எண் எகிறியது.

அக்கா விளக்கை மாற்றினாள். தட்டைச் சுற்றும் மோட்டாரை மாற்றினாள். சர்க்யூட் பலகையையும் மாற்றினாள். எண்ணோ தன் இஷ்டத்துக்கு ஆடியது. அவர் தும்மியபோதுதான் பளிச்சென்று உறைத்தது. விளக்குக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மூடி இல்லாததால் வெளிச்சம் அங்கே அறைக் காற்றைக் கடந்துதான் போகிறது. குனிந்து சிரிக்கிற மனிதர் மூச்சில் விடும் கரியமில வாயுவெல்லாம் நேராக அங்கேதான்!

"உங்க மூச்சுதாங்க! வெளியில போய் நில்லுங்க!"

அவர் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவை இறுக்கிச் சாத்தினார். அது போதாதென்று, கன்னம் இரண்டும் உப்ப மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார். எண் இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. அக்கா வெற்றியோடு நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவந்துபோன முகமும், பதிலுக்குக் காத்திருக்கிற கண்ணும். சட்டென்று கருவிமேல் குனிந்துகொண்டாள்.

எண் ஏறியது. இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியது.

"அக்கா, அவர் வெளியில நிக்கிறார்" என்றாள் தங்கச்சி.

"தெரியும்."

"கதவு சாத்தியிருக்கு."

"தெரியும்டி!"

"அப்ப மாடியேறி வந்த மாதிரி மூச்சு வாங்கறது யாரு?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயமில்லை, சந்தோஷம். நேற்றிலிருந்தே சந்தோஷம்தான். மூடியைப் பொருத்தி நான்கு திருகையும் முடுக்கிவிட்டு, எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க் கதவைத் திறந்தாள்.

"முதல்ல மூச்ச விடுங்க" என்றாள். "கட்டிக்கப் போறேன். ஆள் உயிரோட வேணும்."