பெரிய வீட்டு முன் இறங்காத சைக்கிள்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஏஜெண்ட் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். தக்கலையில் நம் பத்திரிகையை விற்கிற ஏஜெண்ட்தான். போனால், கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்கள் ஆளால் எனக்கு வம்பு என்றார்.

என் ஆள் என்றால் யேசுவடியான். சிதறால் வழியில் இருக்கிற வாசகர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை தோறும் மணி அடித்து இந்தப் பத்திரிகையை உங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போகிறாரே, அவரேதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யேசுவடியான் பனையேறியாக இருந்தவர். பனையிலிருந்து விழுந்ததில் இடது காலை முட்டிக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க, மனைவி கருப்பட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தை சந்தையாக நடந்தாள். பிள்ளைகள் இரண்டு.

ஒற்றைக் காலோடு சைக்கிள் ஓட்டலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ... தோன்றிவிட்டது. ஆனால் சைக்கிளுக்கு எங்கே போவது? வாடகை சைக்கிள் என்பது கேட்டவனுக்கெல்லாம் கிடைக்கிற சாமான் அல்ல. சட்டை போட்ட ஒருவர் கடைக்கு வந்து, 'இவன் நமக்குத் தெரிந்தவன்' என்று சொன்னால்தான் சங்கிலியை அவிழ்ப்பார்கள். என்னிடம் சட்டை இருந்தது. போய்ச் சொன்னேன்.

கடைக்காரர் காதர் சாயிபு முதலில் சிரித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, இடது பெடலைக் கழற்றிப் போட்டுவிட்டு, வலது பெடலில் தோல் வார் ஒன்றை வளையமாகத் தைத்துக் கொடுத்தார். பாதத்தை அதில் நுழைத்துக்கொண்டால் மிதிக்கவும் செய்யலாம், மேலே இழுக்கவும் செய்யலாம். மாதா கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்தக் கோவில் மைதானத்தில் பழகினார் யேசுவடியான். எத்தனை தடவை விழுந்தார் என்று கேட்காதீர்கள். போதும், விட்டுவிடும் என்று நானே ஒரு நாள் சொன்னேன்.

"பனையில இருந்து விழுந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விழுகையா சாரே?" என்றார்.

அப்படித்தான் இந்தப் பத்திரிகை போடுகிற வேலை அவருக்குக் கிடைத்தது. மனைவி சந்தைக்கு நடப்பதும் நின்றது.

இப்போது கடிதத்துக்கு வருவோம்.

வழியில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. ஊரைச் சொல்ல மாட்டேன், வம்பு எதற்கு? அந்த வீட்டு முன்னால் சைக்கிளில் வருகிறவன் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, வேலி முடிந்த பிறகுதான் ஏற வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் எல்லோரும் இறங்குகிறோம். யேசுவடியான் இறங்கவில்லை. அதோடு போகட்டும் என்றால், பத்திரிகையைச் சுருட்டி, வாசலில் கூரை போட்டுக் கட்டிய படிப்புரைக்குள் எறிந்துவிட்டு மணி அடித்துக்கொண்டே வேறு போயிருக்கிறார். மரியாதை தெரியாதவன் கொண்டுவருகிற பத்திரிகை எனக்கு வேண்டாம், ஊரில் வேறு யாருக்கும் வேண்டாம் என்று பெரிய வீட்டுக்காரர் எழுதிவிட்டார். அவன் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்றார் ஏஜெண்ட்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே யேசுவடியானிடம் போய்ப் பிரசங்கம் செய்தேன். அரை நிமிஷம் இறங்கினால் குறைந்தா போய்விடுவீர், பிழைப்பைப் பாரும் என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. இறங்குகிறேன், வியாழக்கிழமை நீங்களும் கூட வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போனேன். பெரிய வீட்டுக்காரர் படிப்புரையில் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல் இறங்கினேன். யேசுவடியானும் இறங்கி, கம்பை ஊன்றி நின்று, பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார். காரியஸ்தர் வந்து வாங்கிக்கொண்டார். பெரியவர் முகத்தில் திருப்தி. வேலை தப்பித்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

ஆனால் யேசுவடியான் போகவில்லை. அங்கேயே நின்றார். இன்னும் என்ன என்று காரியஸ்தர் அதட்டினார்.

"ஏமானே, எறங்கதுக்கு ஒரு காலு போதும். ஏறதுக்குத்தான் ரெண்டு வேணும்" என்றார் யேசுவடியான், வெகு பணிவாக. "இந்தப் படியில நின்னு, சுவத்துல கையூணினாத்தான் எனக்கு ஏற ஒக்கும். ஏறட்டா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழி நெடுக அவர் நிற்கிற இடமெல்லாம் பாலத்துச் சுவர், கிணற்றடி, மாதா கோவில் படி... பிடித்து ஏற ஏதாவது இல்லாத இடத்தில் அவர் இறங்குவதே இல்லை. பெரிய வீட்டைச் சுற்றி முழுக்க முள்வேலி. கை ஊன்ற இருப்பது அந்தப் படிப்புரை ஒன்றுதான். அவருடைய ஜாதியில் யாரும் அந்தப் படியில் கால் வைத்தது கிடையாது. கோயில் நடையே எல்லாருக்கும் திறந்துவிட்ட காலம் இது. வீட்டு நடை?

நான் தூக்கிவிடுகிறேன் என்று முன்னால் போனேன்.

"எல்லா வியாழாழ்ச்சையும் சாரு வந்து தூக்குவியளா?" என்று கேட்டார். என் கை தானாகக் கீழே இறங்கியது.

பின்னால் சந்தைக்குப் போகிறவர்கள் இரண்டு சைக்கிளில் வந்தார்கள். இறங்கினார்கள். வேடிக்கை பார்த்தார்கள். ஒரு மாட்டுவண்டி நின்றது. இந்த மனிதன் வியாழக்கிழமை தோறும் தன் வாசலில் இப்படி நிற்பான், அல்லது வியாழக்கிழமை தோறும் தன் படியில் கால் வைப்பான். பெரியவருக்கு இரண்டும் ஆகாது. வெற்றிலையை மென்று முடிக்கிற மட்டும் யோசித்தார்.

"இனி நீ எறங்காண்டாம்" என்றார் கடைசியில். "இன்னைக்கு ஏறிக்கோ. நான் பாக்கல்ல."

சொல்லிவிட்டு முகத்தைத் தென்னந்தோப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். யேசுவடியான் படியில் நின்று, சுவரில் கை வைத்து, வாருக்குள் பாதத்தை நுழைத்து ஒரு தள்ளு தள்ளினார். சைக்கிள் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வெட்கம். இரண்டு கால் இருந்தும் இத்தனை வருஷமாக ஏன் இறங்குகிறேன் என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? மரியாதை என்று நாம் வைத்திருக்கிற பல காரியங்கள், யாரும் காரணம் கேட்காத வரைக்கும்தான் மரியாதையாக இருக்கின்றன.

ஏஜெண்ட் இப்போது யேசுவடியானுக்குக் குலசேகரம் வழியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பெரிய வீட்டில் பத்திரிகை நிற்கவில்லை, அதனால் இதையும் அவர் படிப்பார். படிக்கட்டும்.

இன்னொரு சங்கதி. அந்த வழியில் சைக்கிள் விடுகிறவர்களுக்கெல்லாம் திடீரென்று காலில் ஏதோ கோளாறாம், ஒருவரும் இறங்குவதில்லை. எனக்கும் முந்தாநாள் முதல் வலது முட்டியில் லேசான வலி.