பனி விழாத இடம்

கந்தப்பளைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒற்றை அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு மரக்கறித் தோட்டம். கோவா, லீக்ஸ், கிழங்கு, வேலியோரம் கொஞ்சம் போஞ்சி. காட்டில் சாகவேண்டியது சில நாள் வழிதவறி எங்கள் பாத்தியில் வந்து செத்துக் கிடக்கும்.

மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். என் மனைவி மட்டும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். ஒருமுறை செத்துக் கிடந்த காட்டுப்புறாவின் தொண்டைப்பையைக் கீறி, உள்ளே இருந்த போஞ்சி விதைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெத மொளைக்கலன்னு கடைக்காரர அந்தத் திட்டுத் திட்டுனீங்களே. போயி மன்னிப்புக் கேளுங்க."

இன்னொரு நாள் ஒரு முள்ளம்பன்றி. அதன் பல்லிடுக்கில் ஒட்டியிருந்த தடித்த கிழங்குத் தோலைப் பார்த்துவிட்டு, "கெழங்கு முத்திருச்சு, தோண்டுங்க" என்றாள். தோண்டினோம். முத்தித்தான் இருந்தது.

பக்கத்துக் காம்பராக்காரர் எனக்கு மச்சான் முறை. அவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஒம் பொண்டாட்டி பொணத்துக்கிட்ட சேதி கேக்குறவ மச்சான். நீ பாத்து இருந்துக்க" என்பார்.

அவள் விடமாட்டாள். "நீங்க சாகுங்கண்ணே, ஒங்ககிட்டயும் கேட்டுச் சொல்றேன்."

அப்படிப்பட்ட வாய் ஒரு தை மாதத்தில் அடங்கிப் போனது. வெகுகாலம் காத்திருந்து பிறந்த எங்கள் மகள், முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தவள், நெஞ்சுச் சளியில் போய்விட்டாள். டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து தொண்டையில் இறங்கவே இல்லை. தேயிலைக்குள் ஓர் ஓரமாகப் புதைத்தோம்.

என் மனைவி சீக்கிரமே வேலைக்குத் திரும்பினாள். கைக்குழந்தைகளை ஆயம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா மலைக்குக் கீழே இருந்தது. காலைக் கொழுந்தை நிறுக்கும் நேரத்தில் கங்காணி, "புள்ளக்காரிங்க எறங்குங்க!" என்று குரல் கொடுப்பார். தாய்மார் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பால் கொடுக்க ஓடுவார்கள். அந்தக் குரல் கேட்டதும் என் மனைவிக்கும் மார்பு சுரந்துவிடுமாம். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு வரைக்கும் நனைந்து நிற்பாளாம். மச்சானின் மனைவி, பக்கத்துக் காம்பரா அக்காதான் என்னிடம் சொன்னார். அதைக் கண்ட நாளிலிருந்து கங்காணி கூப்பிடுவதை விட்டுவிட்டு, தாய்மாரைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தாராம்.

பால் கட்டிக்கொண்டது. காய்ச்சல் வந்தது. அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மல்லியப்பூவ வச்சு இறுக்கிக் கட்டுனா வத்திரும் தம்பி. இப்பிடியே விட்டா சீழ் புடிச்சு ஆளையே கொண்டுபோயிரும். ஒருத்திய குடுத்தது போதாதா?"

எங்கள் குளிரில் மல்லிகை எங்கே பூக்கும்? நுவரெலியாவுக்குப் போய், பூசைக்கென்று கீழே இருந்து வந்த சரம் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தேன். அவள் அதை வாங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினாள்.

"கட்டிக்க புள்ள."

"அவ குடிச்சது இது ஒண்ணுதாங்க. இதையும் வத்த வச்சிட்டா, அவ இருந்தான்னு சொல்ல என்னா இருக்கு?"

பூ ஆணியிலேயே வாடியது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அவளும் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

பனி கொட்டிய காலையை எங்கள் ஆட்கள் 'உப்பு போட்டிருக்கு' என்பார்கள். அப்படி உப்பு போட்ட ஒரு காலையில் கோவாப் பாத்திக்கு நடுவே ஒரு கேளையாடு, நாய் மாதிரியே குரைக்கிற அந்தச் சின்ன மான், செத்துக் கிடந்தது. பின்தொடையில் நாய்க்கடி. மச்சான் கத்தியோடு வந்துவிட்டார்.

"நேத்துச் செத்ததுதான் மச்சான். கறி அம்புட்டும் நல்லாருக்கு. காலப் புடி."

நான் பிடிப்பதற்குள் அவள் வந்து உட்கார்ந்தாள். பின்னங்காலை மெல்ல விலக்கிப் பார்த்தாள். மடி புடைத்திருந்தது. விரலால் தொட்டு அழுத்தினாள். விரலில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது.

"குட்டி இருக்கு" என்றாள்.

மச்சான் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பால் குடுக்குறத நான் தொடமாட்டேன்" என்று முனகிவிட்டு, மண்வெட்டி எடுக்கப் போனார்.

அவள் காட்டோரத்து மானாப்புல்லுக்குள் புகுந்தாள். நானும் பின்னாலேயே போனேன். புல்லெல்லாம் வெள்ளை. ஓர் இடத்தில் மட்டும், ஒரு கைக்குழந்தையைச் சுருட்டிப் படுக்க வைத்த அளவுக்கு, பனி விழாமல் பச்சையாக இருந்தது. அவள் அதில் உள்ளங்கையை வைத்தாள்.

"இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கு."

கூப்பிட அதற்கொரு பேர் இல்லை. கொஞ்ச நேரம் நின்றோம். காடு அசையவில்லை.

அன்றைக்கு அவள் தன் பாலை ஒரு சிரட்டையில் பீய்ச்சி, அந்தப் பச்சை இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் சிரட்டை வைத்தபடியே இருந்தது. மேலே கண்ணாடி மாதிரி ஐஸ். அதைத் தட்டிக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தாள். அதற்கடுத்த காலையிலும் அப்படியே. அந்த இடத்திலும் இப்போது பனி விழுந்து, எது அது என்று தெரியாமல் போயிருந்தது.

அவள் சிரட்டையைக் கவிழ்த்தாள்.

"பாலு இருக்கு, குடிக்க வாயில்ல. அதுக்கு வாயிருக்கு, குடுக்க ஆயி இல்ல. நம்ம பால அது எடுக்காதுங்க." பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்தப் பூவ எடுங்க" என்றாள்.

ஆணியில் இருந்தது கருகிய நூல்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் டவுனுக்கு ஓடினேன். புதுச் சரத்தை வைத்து, என் பழைய வேட்டியைக் கிழித்து முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டேன். முடிச்சு இறுகியபோது அவள் வாய்விட்டு அழுதாள். மகள் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. சத்தம் கேட்டு லயமே ஓடிவந்தது. அக்கா வாசலை மறித்துக்கொண்டு, "யாரும் உள்ள போவாதீங்க, அழட்டும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

காய்ச்சல் விட்டது. எங்களுக்கு வேறு பிள்ளை வாய்க்கவில்லை. மறுவருசம் மழைக்காலத்தில், பொழுது சாய்கிற நேரம், காட்டுக்குள்ளிருந்து ஒரு குரைப்புச் சத்தம் வந்தது.

"எவன் நாயோ கெடந்து கொலைக்குது" என்றார் மச்சான்.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நாயில்லண்ணே" என்றாள்.